மார்கழி சீசனுக்கு முதல் முறை போகிறவருக்கு: வர்ணம் முதல் மங்களம் வரை

மார்கழியை ஒட்டிச் சென்னை முழுக்கக் கர்நாடக இசைக் கச்சேரிகள் நடக்கும், அதுதான் சீசன். சென்னைக்கு வேலைக்கு வந்த முதல் டிசம்பரில் ஒரே நாளில் நான்கு சபாக்களுக்கு, அதாவது கச்சேரி நடத்தும் சங்கங்களுக்கு, போனேன். முதல் சபாவில் போய் உட்காரும்போதே தொடக்க உருப்படியான வர்ணம் முடிந்திருந்தது. இரண்டாவதில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் தொடங்கியதும், இதுதான் கிளம்ப வேண்டிய நேரம் போலிருக்கிறது என்று எல்லோருடனும் சேர்ந்து எழுந்து வந்துவிட்டேன். மூன்றாவதில் இடமே இல்லை. நான்காவதற்கு ஓடிப்போய்ச் சேர்ந்தபோது கடைசியில் வரும் லேசான பாட்டுகளான துக்கடா பாடிக்கொண்டிருந்தார்கள். அன்று முழுமையாக அனுபவித்தது ஒரு கீரை வடையை மட்டும்தான்.

அதற்கப்புறம் பல சீசன் பார்த்தாயிற்று. ஊரிலிருந்து நண்பர்கள் யாராவது வருடா வருடம் கேட்பார்கள்: "எனக்கு ராகம் தாளம் ஒன்றும் தெரியாது, நான் போனால் புரியுமா?" புரியும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு நாளைக்கு ஒரே ஒரு கச்சேரி. வர்ணத்திலிருந்து முடிவுப் பாட்டான மங்களம் வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கக் கூடாது. கீழே சொல்வதெல்லாம் அந்த ஒரு கச்சேரிக்கான ஏற்பாடுதான்.

1. தேதி

மார்கழி மாதம் டிசம்பர் 16 வாக்கில் பிறக்கும். சீசன் அதற்குக் காத்திருப்பதில்லை; நவம்பர் கடைசியிலேயே சில சபாக்கள் தொடங்கிவிடும், பொங்கலைத் தாண்டியும் சில ஓடும். உச்சம் என்பது டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை. மியூசிக் அகாடமியின் விழா நடக்கும் நாட்கள் இவை. கிறிஸ்துமஸுக்குப் பிறகு அமெரிக்காவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் கூட்டம் சேர்ந்துகொள்ளும். பள்ளி விடுமுறையும் தொடங்கிவிடும். முதல் முறை வருகிறவருக்கு நான் சொல்வது டிசம்பர் 16 முதல் 22 வரையிலான வார நாட்களை. பெரிய வித்வான்கள் அப்போதும் பாடுகிறார்கள், டிக்கெட்டும் கிடைக்கும்.

மழையை மறந்துவிட வேண்டாம். வடகிழக்குப் பருவமழை டிசம்பரில் போகிற போக்கில் ஒரு அடி அடித்துவிட்டுப் போவதுண்டு. 2015இல் மாதத் தொடக்கத்திலேயே ஊர் மூழ்கியது, 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் வந்தது, 2023இல் மிக்ஜாம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள், ரத்து செய்தால் பணம் திரும்பி வருகிற மாதிரி ரயில் டிக்கெட் போட்டுக்கொள்வது நல்லது.

தங்குவதற்கு மயிலாப்பூர், ராயப்பேட்டை, திருவல்லிக்கேணி. கையில் காசு குறைவு என்றால் திருவல்லிக்கேணி மேன்ஷன்கள். தாம்பரத்தில் சித்தப்பா வீடு இருக்கிறதே என்று அங்கே தங்கினால் பாதி சீசன் மின்சார ரயிலில் போய்விடும்.

2. எந்த சபா

இங்கேதான் ஆட்கள் குழம்புகிறார்கள். பேப்பரில் ஒரு பக்கம் முழுக்க அன்றைய நிகழ்ச்சிகள் இருக்கும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். ஒவ்வொரு சபாவுக்கும் ஒரு குணம் உண்டு, அந்தக் குணம் அது பிறந்த கதையிலிருந்து வந்தது.

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபாதான் மூத்தது, 1900இல் தொடங்கியது. மியூசிக் அகாடமியின் பிறப்பில் காங்கிரசுக்குப் பங்குண்டு: 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதை ஒட்டி ஒரு இசை மாநாடும் நடந்தது, அதன் தீர்மானத்தின்படி மறு வருடம் அகாடமி உருவானது. மாநாட்டில் பிறந்ததாலோ என்னவோ, இன்றும் அங்கே காலை எட்டு மணியை ஒட்டி வித்வான்களும் ஆய்வாளர்களும் விளக்க உரைகள் நடத்துகிறார்கள். 'லெக்டெம்' என்பார்கள். டிக்கெட் வேண்டாம். ஒரு ராகத்தின் பழைய வடிவம் எப்படி இருந்தது என்று ஒருவர் பாடிக் காட்ட, முன் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து "எங்க குரு இப்படிப் பாட மாட்டார்" என்று ஆரம்பிப்பார். அந்தச் சண்டைக்காகவே போகலாம்.

பாட்டுகளில் வரும் தெலுங்கும் சம்ஸ்கிருதமும் புரியாதே என்ற தயக்கம் உள்ளவர்கள் பாரிமுனைப் பக்கம் ராஜா அண்ணாமலை மன்றத்துக்குப் போங்கள். மேடையில் தமிழுக்கு இடம் வேண்டும் என்ற இயக்கத்தில் 1943இல் பிறந்த தமிழ் இசைச் சங்கத்தின் விழா அங்கே நடக்கிறது. முழுக்க முழுக்கத் தமிழ்ப் பாடல்கள். பண் (பழந்தமிழ் ராகம்) ஆராய்ச்சிக் கூட்டங்களும் உண்டு. மயிலாப்பூர்க் கூட்டத்துக்கு அந்த இடம் தூரம் என்பதால் பலர் எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு என்னவோ அங்கே உட்கார்ந்திருப்பவர்கள் கொஞ்சம் வேறு மாதிரி, வார்த்தைகளுக்குத் தலையாட்டுகிறவர்கள் என்று தோன்றும்.

மற்றபடி ஆழ்வார்பேட்டையில் நாரத கான சபா, தி.நகரில் கிருஷ்ண கான சபாவும் வாணி மகாலும், மயிலாப்பூர் கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். பவனில் பெரும்பாலான கச்சேரிகளுக்கு அனுமதி இலவசம் என்பதால் முதல் நாள் பயிற்சிக்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. பிடிக்காவிட்டால் வெளியே வந்து கபாலீஸ்வரரைப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்.

3. டிக்கெட்

சபா மரபில் ஒரு நாள் என்பது அடுக்கடுக்காகப் போகும். மதியம் பன்னிரண்டு மணிவாக்கில் இளைஞர்கள், அப்புறம் இரண்டு மணிவாக்கில் இன்னொன்று, நாலு மணிக்கு ஓரளவு பெயர் வந்தவர்கள், ஆறரை ஏழுக்குப் பெரிய தலைகள். மதியக் கச்சேரிகளுக்குப் பல சபாக்களில் டிக்கெட் இல்லை. மாலைக் கச்சேரிக்கு உண்டு.

பெரிய சபாக்களில் முன் வரிசைகள் உறுப்பினர்களுக்கும் சீசன் டிக்கெட் வாங்கியவர்களுக்கும் ஒதுக்கப்பட்டிருக்கும். மீதியைத்தான் அன்றாட டிக்கெட்டாக விற்பார்கள். இப்போது ஆன்லைனில் கிடைக்கிறது. ஆன்லைனில் தீர்ந்துவிட்டது என்று காட்டினாலும் மனம் தளராமல் சபா கவுன்டருக்கு ஒரு நடை போய்க் கேளுங்கள். விற்பனை எத்தனை மணிக்கு என்பது சபாவுக்குச் சபா மாறும் என்பதால் முதல் நாளே வாசல் பலகையைப் பார்த்துவைப்பது உத்தமம். சீசன் டிக்கெட் வைத்திருந்தும் அன்றைக்கு வர முடியாத மாமா ஒருவர் வாசலில் நின்று "தம்பி, ஒரு டிக்கெட் இருக்கு, வேணுமா?" என்று கேட்பது எனக்கு மூன்று முறை நடந்திருக்கிறது. ஒருவர் காசே வாங்கவில்லை. தனியைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

என் கருத்தைக் கேட்டால், முதல் கச்சேரியாக இரவுக் கச்சேரியை எடுக்காதீர்கள். நாலு மணிக் கச்சேரியைத் தேர்ந்தெடுங்கள். பாடுகிறவருக்கு முப்பது வயதிருக்கும், அடுத்த வருடம் மாலை நேரத்துக்கு உயர வேண்டும் என்ற வேகம் இருக்கும், அதனால் மிச்சம் மீதி வைக்காமல் பாடுவார். அரங்கில் பாதி காலியாக இருக்கும். நடுவில் நல்ல இடமாகப் பார்த்து உட்காரலாம்.

4. கிளம்பும்போது

சால்வை. இதை முதலில் எழுதியிருக்க வேண்டும். ஏசி அரங்குகள் டிசம்பரிலும் குளிர்பதனக் கிடங்கு மாதிரிதான் இருக்கும். பட்டுப் புடவை கட்டாயம் ஒன்றும் இல்லை. ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருகிறவர்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஒரு சிறு நோட்டும் பேனாவும் கொண்டு போங்கள். பாட்டு, ராகம், தாளம் என்று குறித்துக்கொள்ளும் பழக்கம் பழைய ரசிகர்களிடம் உண்டு. தெரியாத இடத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு வாருங்கள். இரவில் இணையத்தில் யாராவது அன்றைய பட்டியலைப் போட்டிருப்பார்கள், ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

செல்போனை ஒலியடக்கி வைத்துவிடுங்கள். பதிவு செய்ய அனுமதி கிடையாது. போன் திரையின் வெளிச்சம் பின்னால் இருப்பவர் கண்ணில் அடிக்கும் என்பதும் ஒன்று.

கார் எடுத்துக்கொண்டு போவதைப் பற்றி ஒரே வரி: வேண்டாம். மெட்ரோ இரண்டாம் கட்ட வேலையால் சில வருடங்களாகவே லஸ், ராதாகிருஷ்ணன் சாலைப் பக்கம் பாதைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பறக்கும் ரயிலில் திருமயிலை நிலையத்தில் இறங்கினால் மயிலாப்பூர் சபாக்களுக்கு நடந்தே போய்விடலாம்.

5. இடம், அப்புறம் முதல் கால் மணி நேரம்

முன் வரிசை கிடைத்தால் உடனே போய் விழாதீர்கள். மேடைக்கு நேர் கீழே உட்கார்ந்தால் மிருதங்கம் நேராகவும் பாட்டு பக்கவாட்டு ஒலிபெருக்கி வழியாகவும் வந்து சேரும்; இரண்டும் ஒட்டாது. நடுப் பகுதியில் எட்டாவது பத்தாவது வரிசை சரியாக இருக்கும். அகாடமி அரங்கில் ஆயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரலாம். அங்கே நான் விரும்பிப் போவது பால்கனி முன் வரிசைக்கு. விலையும் குறைவு, மேடையில் நான்கு பேரின் கைகளும் தெரியும்.

ஒலி அமைப்பு மோசமாக இருக்கும் நாட்களும் வரும். ஒரு சபாவில் கச்சேரி முழுவதும் வயலின் காதில் விழவேயில்லை. வயலின்காரர் வாசிப்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். மைக்காரரைத் தேடினால் அவர் கேன்டீனில் இருந்தார். ஸ்பீக்கர் முன்னால் உட்காராமல் இருப்பதுதான் நம் கையில் உள்ளது.

கால் மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய்விடுங்கள். திரை விலகியிருந்தால் சுருதி சேர்ப்பதைப் பார்க்கலாம். மிருதங்கத்தின் வலது பக்கத்தை ஒரு கல்லாலும் கட்டையாலும் சுற்றிச் சுற்றித் தட்டி, பாடகரின் சுருதிக்குக் கொண்டுவருவார்கள். இடது பக்கமான தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். அந்த ஈர ரவைதான் தாழ்ந்த நாதத்தைக் கொடுக்கிறது. வயலின் தரையில் உட்கார்ந்தவரின் கணுக்காலில் சாய்ந்திருக்கும். சுருதியின் உயரத்தைக் கட்டை என்ற அளவில் சொல்வார்கள்: ஆண் பாடகர் என்றால் ஒன்று ஒன்றரைக் கட்டைப் பக்கம், பெண் பாடகர் என்றால் ஐந்து ஐந்தரைப் பக்கம். தம்பூரா நாதம் காதில் பழகட்டும். அதற்குப் பழகிவிட்டால் பிறகு ஒரு ஸ்வரம் நழுவினாலும் உங்களுக்கே தெரியும். சங்கீத ஞானம் என்கிறார்களே, அதன் முதல் படி இதுதான்.

6. மேடையில் என்ன நடக்கிறது

இன்று நாம் கேட்கும் கச்சேரி அமைப்பை வகுத்த பெருமையை அரியக்குடி ராமானுஜ ஐயங்காருக்குக் (1890–1967) கொடுப்பார்கள். அவருக்கு முன் ஒரே ராகத்தையோ பல்லவியையோ மணிக்கணக்காக விரிப்பது வழக்கமாக இருந்தது. அவர் விறுவிறுப்பான சின்ன உருப்படிகள், நடுவில் கனமான ஒன்று, கடைசியில் லேசான துக்கடாக்கள் என்று ஒரு சாப்பாட்டுப் பந்தி மாதிரி வரிசைப்படுத்தினார். இரண்டரை மணி நேரத்தில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள அந்த வரிசை தெரிந்தால் போதும்.

முதலில் வர்ணம். பாடுகிறவரின் குரல், வாசிப்பவர்களின் விரல், அரங்கின் மைக் எல்லாம் சூடேறும் நேரம். அடுத்து பெரும்பாலும் பிள்ளையார் மேல் ஒரு சுருக்கமான கிருதி, அதாவது பாட்டு. தாமதமாக வருகிறவர்கள் உங்கள் காலை மிதித்துக்கொண்டு உள்ளே போகும் நேரமும் இதுதான்.

பிறகு ஓரிரு பாட்டுகள் கழித்து, பாட்டைத் தொடங்காமல் பாடகர் வார்த்தையில்லாமல் ஒரு ராகத்தைப் பாட ஆரம்பிப்பார். இது ஆலாபனை. இங்கே தாளம் இல்லை, மிருதங்கம் சும்மா இருக்கும். புதிதாக வருகிறவர்களுக்குச் சலிப்பு தட்டுவதும் இங்கேதான். ஒரு யுக்தி சொல்கிறேன்: வயலினைக் கவனியுங்கள். பாடகர் ஒரு சொற்றொடரைப் பாடி முடிக்கும் முன்பே வயலின் நிழல் மாதிரி பின்னால் வந்து அதன் வாலைப் பிடித்துக்கொள்ளும். பாடகர் எந்தப் பக்கம் திரும்புவார் என்பது வயலின்காரருக்கும் தெரியாது. சில சமயம் அவர் தவறாக ஊகித்துச் சட்டென்று சுதாரித்துக்கொள்வார். அப்போது பாடகர் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பார். பாடகர் முடித்ததும் அதே ராகத்தை வயலின் தனியாக வாசிக்கும். "சபாஷ்", "பலே" என்று மேடையிலிருந்தே வரும். அரங்கிலிருந்து வருவது பெரும்பாலும் நாக்கைச் சப்புக்கொட்டும் "த்ச்சு த்ச்சு"தான். வெளியூர்க்காரர்கள் அதை அனுதாபம் என்று நினைத்துக்கொள்வார்கள். அது உச்சபட்சப் பாராட்டு.

ராகத்தின் பெயர் தெரியவில்லையா? பக்கத்து இருக்கை மாமி ஆலாபனையின் மூன்றாவது நொடியில் "காம்போஜி" என்று கணவரிடம் கிசுகிசுப்பார். அவரே இரண்டாவது நிமிடத்தில் "இல்லை, ஏதோ வேற" என்று மாற்றவும் செய்வார். நாம் செய்ய வேண்டியது, இதே சாயலில் எந்தச் சினிமாப் பாட்டு நினைவுக்கு வருகிறது என்று பார்ப்பது. மோகனம், கல்யாணி, சிந்துபைரவி, சண்முகப்ரியா நான்குக்கும் உங்கள் காதில் ஏற்கெனவே பாட்டுகள் உட்கார்ந்திருக்கின்றன. அந்தப் பாட்டை நோட்டில் எழுதிவையுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானும் கரகரப்ரியாவை அப்படித்தான் பிடித்தேன்.

கச்சேரி தொடங்கி ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, இருப்பதிலேயே நீளமான ஆலாபனை வந்தால் அது மெயின், அதாவது கச்சேரியின் முக்கிய உருப்படி. தோடி, சங்கராபரணம், பைரவி, கல்யாணி, காம்போஜி மாதிரி பெரிய ராகமாக இருக்க வாய்ப்பு அதிகம். கிருதியைப் பாடிக்கொண்டே போகிறவர் ஏதாவது ஒரு வரியில் நின்றுவிடுவார். அந்த ஒரு வரியையே திரும்பத் திரும்ப, வார்த்தைகள் தாளத்தில் விழும் இடம் மாறாமல், இசையை மட்டும் மாற்றி மாற்றிப் பாடுவார். இது நிரவல். தமிழ் வரியாக இருந்தால் ஒவ்வொரு முறையும் அர்த்தம் கொஞ்சம் நகர்வதைக் கேட்கலாம். அதே வரியில் ஸ்வரம் தொடங்கும்: ஸரிகம என்று அந்தக் கணத்தில் தோன்றுவதைப் பாடி, வரி தொடங்கும் அதே இடத்தில் வந்து இறங்க வேண்டும். பாடகர் ஒன்று, வயலின் ஒன்று என்று மாறி மாறிப் போய், போகப் போக நீளமாகி, கடைசியில் ஒரு நீண்ட கணக்கோடு வந்து விழும்போது கைதட்டல் எழும். எந்த இடத்தில் வந்து விழுந்தார் என்று தெரிந்தால்தான் அந்தக் கைதட்டலில் நீங்களும் கலந்துகொள்ள முடியும்.

7. தாளம்

அதற்குத்தான் இந்தப் பகுதி. வீட்டிலேயே பத்து நிமிடம் பழகிவிட்டு வாருங்கள்.

ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை. வலது தொடையில் உள்ளங்கையால் ஒரு தட்டு; அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று ஒவ்வொன்றாகத் தொடையில் வைத்து எண்ணுதல்; இத்தோடு நாலு. பிறகு தட்டு, கையைத் திருப்பி ஒரு வீச்சு. மறுபடி தட்டு, வீச்சு. எட்டு முடிந்தது. முதல் தட்டு விழும் இடம் சமம். கச்சேரியில் பெரும்பகுதி ஆதிதான் என்பதால் இது ஒன்று வந்தாலே பாதி அரங்கோடு சேர்ந்துவிடுவீர்கள். மெயின் பாட்டில் ஒவ்வொரு எண்ணிக்கையையும் இரண்டு முறை போடுவார்கள். அது இரண்டு களை, வேகம் பாதியானது மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம்.

ரூபகம் என்றால் தட்டு, தட்டு, வீச்சு. மிஸ்ர சாபு ஏழு. மூன்றும் நாலுமாக நொண்டி நொண்டி நடக்கும். முதல் வருடம் அதை விட்டுவிடுங்கள்.

சிக்கல் எங்கே வருமென்றால், பாட்டு எப்போதும் சமத்தில் தொடங்காது. அரை இடம், ஒன்றரை இடம் தள்ளித் தொடங்கும். அந்தத் தொடக்கப் புள்ளிதான் எடுப்பு. பாடகரின் கையைப் பாருங்கள், வாயைப் பார்க்காதீர்கள். கை தட்டில் விழுந்து ஒரு கணம் கழித்துத்தான் வார்த்தை வரும். மேடை தெரியவில்லை என்றால் முன்னால் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒரு மாமியின் கையைப் பிடித்துக்கொள்ளலாம் (கண்ணால்தான்). ஆனால் அவர் சரியாகப் போடுகிறாரா என்று ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) சோதித்துவிட்டுப் பின்பற்றுங்கள். நம்பிக்கையோடு தப்பாகத் தாளம் போடுகிறவர்கள் ஒவ்வொரு வரிசையிலும் ஒருவர் உண்டு. தொடையில் சத்தம் வராமல் போடுவது மரியாதை.

8. தனி: எழுந்திருக்காதீர்கள்

மெயின் பாட்டின் ஸ்வரம் முடிந்ததும் பாடகரும் வயலினும் நிறுத்திக்கொள்வார்கள். தனி ஆவர்த்தனம் தொடங்கும். அந்த நொடியில் அரங்கில் ஒரு சலசலப்பு கேட்கும். காபிக்கும் கழிவறைக்கும் கூட்டம் கிளம்புகிறது. மிருதங்க வித்வான்கள் காலம் காலமாக இதைச் சகித்துக்கொண்டு வாசிக்கிறார்கள். பல வருடங்கள் உழைத்த கைக்கு அன்றைக்குக் கிடைக்கும் பதினைந்து நிமிடம் அது, அதைப் பாதிப் பேர் முதுகைக் காட்டிக் கேட்கிறார்கள்.

நீங்கள் உட்கார்ந்திருங்கள். கையில் தாளத்தை விடாதீர்கள். மிருதங்கம் முதலில் ஒரு சுற்று வாசிக்கும். கடமோ கஞ்சிராவோ மோர்சிங்கோ இருந்தால் அது அடுத்த சுற்று. உங்கள் எட்டு எண்ணிக்கை நேர் கோடாகப் போய்க்கொண்டிருக்க, அதன்மேல் அவர்கள் ஐந்தாகவும் ஏழாகவும் வெட்டிக்கொண்டு போவார்கள். கை தடுமாறும். பரவாயில்லை, பாடகர் தொடையைப் பார்த்து மறுபடி பிடியுங்கள்; அவர் தனி முடியும் வரை தாளம் போட்டுக்கொண்டேதான் இருப்பார். அப்புறம் குறைப்பு வரும். ஒருவர் ஒரு நீளம் வாசிக்க மற்றவர் அதே நீளத்தில் பதில் சொல்வார். அது பாதியாகும், அதில் பாதியாகும், கடைசியில் ஒரு சில சொற்களாகச் சுருங்கி இருவரும் ஒன்றாகச் சேர்வார்கள். அடுத்து மோரா என்ற முடிப்பு வாசிப்பு. அது கேட்டால் முடிவு நெருங்குகிறது என்று அர்த்தம். அதன் பின் கோர்வை என்ற கணக்கு, மூன்று முறை. முதல் முறை கேட்டுக்கொள்ளுங்கள், இரண்டாம் முறை எண்ணிக்கொண்டு போங்கள், மூன்றாம் முறை அது முடிந்து எடுப்பில் பாடகர் வரியைப் பிடிக்கும் அந்த இடத்தில் உங்கள் கையும் சரியாக அங்கே இருந்தால், என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. எனக்கு அது நடந்தது மூன்றாவது சீசனில், ஒரு மதியக் கச்சேரியில், மொத்தம் முப்பது பேர் இருந்த அரங்கில்.

9. மெயினுக்குப் பிறகு

சில கச்சேரிகளில் மெயினுக்குப் பின்போ, மெயினாகவே கூடவோ ராகம் தானம் பல்லவி வரும். 'ஆர்டிபி' என்பார்கள். தானம் என்பது ராகத்தையே தாளமில்லாமல், ஆனால் ஒரு துடிப்போடு, "ஆனம் தனம்" என்று அசைபிரித்துப் பாடுவது. எனக்கு ஆலாபனையைவிட இதுதான் பிடிக்கும். பல்லவி ஒரே ஒரு வரி; அதைப் பல வேகங்களில் பாடுவார்கள். ஸ்வரத்தில் ராகங்களை மாற்றிக்கொண்டே போனால் ராகமாலிகை.

அப்புறம் துக்கடா. விருத்தம், திருப்புகழ், தில்லானா, இப்போதெல்லாம் மராத்தி பக்திப் பாட்டான அபங்கமும் உண்டு. விருத்தத்தை விடாதீர்கள், தாளமில்லாத தமிழ்ச் செய்யுளை ராகத்தில் கரைத்துக் கொடுப்பது அது, வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழும். இதைப் பாடுங்கள் என்று மேடைக்குச் சீட்டு அனுப்பும் வழக்கம் உண்டு. அனுப்பலாம், ஆனால் இது துக்கடா நேரத்துக்கு மட்டும். கடைசியில் சௌராஷ்டிர ராகத்தில் மங்களம் கேட்டால் கச்சேரி முடிந்தது. அது பாடி முடியும் வரை செருப்பைத் தேடாமல் இருப்பது நாகரிகம்.

10. கேன்டீன்

கேன்டீனுக்குப் பெரும்பாலும் கச்சேரி டிக்கெட் தேவையில்லை. சாப்பிட மட்டுமே வருகிறவர்கள் ஒரு தனி ஜாதி, அவர்களுக்கென்று அபிப்பிராயங்களும் உண்டு: எந்த சபாவில் இந்த வருடம் யார் ஒப்பந்தம், யாருடைய அடை அவியல், யாருடைய காசி அல்வா என்று ராகத்தை அலசுவது மாதிரியே அலசுவார்கள். ஒப்பந்தக்காரர் மாறினால் போன வருடப் புகழ் செல்லாது. ஆகவே பெயரை நம்பாமல் இலையைப் பார்த்து முடிவெடுங்கள்.

போகக் கூடாத நேரம் ஆறு முதல் ஆறே முக்கால் வரை. நாலு மணிக் கச்சேரி விட்டு வருகிறவர்களும் இரவுக் கச்சேரிக்கு வருகிறவர்களும் மோதிக்கொள்வார்கள். மூன்றரைக்கே போய் ஒரு ரவா தோசையும் காபியும் முடித்துவிட்டால் நாலு மணிக் கச்சேரியை நிம்மதியாகக் கேட்கலாம். மதிய இலைச் சாப்பாட்டை மட்டும் கச்சேரி நாளில் தவிர்த்துவிடுங்கள். அக்காரவடிசலுக்குப் பிறகு ஆலாபனை கேட்டால் தூக்கம் நிச்சயம். வரிசைக்கு நாலு பேர் தலை தொங்கிக்கொண்டிருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

11. வீடு திரும்புதல், மறுநாள் காலை

இரவுக் கச்சேரி ஒன்பதே கால், ஒன்பதரைக்கு விடும். சபா வாசலிலேயே நிற்கும் ஆட்டோக்காரர்கள் சீசன் விலை சொல்வார்கள். இருநூறு முந்நூறு அடி நடந்து பெரிய சாலைக்கு வந்துவிட்டால் விலை இறங்கும். செயலியில் கூப்பிட்டாலும் அங்கிருந்து கூப்பிடுவதுதான் சுலபம்.

விடியற்காலையில் எழுந்திருக்க முடிந்தால், மயிலாப்பூர் மாட வீதிகளில் மார்கழி பஜனை போகும். தமிழில் கிருதிகள் இயற்றிய பாபநாசம் சிவன் வாழ்ந்த காலத்தில் தம் பாட்டுகளைப் பாடிக்கொண்டு கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றி இந்த பஜனையை நடத்தியிருக்கிறார். மைக் கிடையாது, டிக்கெட் கிடையாது. கோலம் போட்டுக்கொண்டிருப்பவர்கள் அரிசி மாவுக் கையோடு நிமிர்ந்து பார்ப்பார்கள். இரண்டரை மணி நேரக் கச்சேரிக்கு மறுநாள் காலை இது ஒரு நல்ல மாற்று.

12. சீசன் முடிந்தபின்

ஜனவரி 1 அன்று அகாடமியின் பட்டமளிப்பு விழாவான சதஸில் சங்கீத கலாநிதி விருது கொடுப்பார்கள். அதைப் பெற்ற முதல் பெண் எம்.எஸ். சுப்புலட்சுமி, 1968இல். அத்தோடு ஊர் கொஞ்சம் ஓயும்.

இதெல்லாம் பிடித்துப்போய்விட்டால் இன்னும் ஒரு பயணம் மிச்சமிருக்கிறது. தை மாதப் பக்கம் வரும் புஷ்ய பகுள பஞ்சமி அன்று திருவையாற்றில் தியாகராஜ ஆராதனை. 1847இல் தியாகராஜர் மறைந்த திதி அது. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் தம் சொத்தைச் செலவழித்து எழுப்பிய சமாதிக் கோயிலின் முன்னால், காவிரிக் கரையில், வித்வான்களும் மாணவர்களும் தரையில் வரிசையாக உட்கார்ந்து தியாகராஜரின் பஞ்சரத்தினக் கிருதிகள் ஐந்தையும் ஒரே குரலாகப் பாடுவார்கள்: நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ. ஐந்தும் ஆதி தாளம்தான், உங்கள் கைக்குப் பழக்கமானது. தஞ்சாவூரிலிருந்து பதின்மூன்று கிலோமீட்டர் இருக்கும், பேருந்து அடிக்கடி உண்டு. காலை சீக்கிரமே போய்விடுங்கள், உட்கார ஒரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். சால்வை வேண்டாம், அங்கே ஏசி இல்லை.